செவலை வானம் பார்த்த பத்து நாள்

காலையில் கூட்டைத் திறக்கும்போது எண்ணிக்கொண்டே திறப்பது என் வழக்கம். ஒவ்வொன்றாக வாசற்பலகையைத் தாண்டிக் குதிக்கும். அன்றைக்கு எண்ணிக்கை ஐந்தோடு நின்றுவிட்டது. வராதது செவலை. வழக்கமாக மற்றதுகளை மிதித்துக்கொண்டு முதலில் ஓடி வருகிற கோழி.

குனிந்து பார்த்தேன். மூலையில் கால்களை மடக்கி, வால்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தலை முதுகின்மேல் மல்லாந்து கிடக்க, அலகு நேராகக் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே என்னதான் இருக்கிறது என்று நானும் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தேன்.

தூக்கி வெளியே விட்டேன். முன்னால் நடக்கப் பார்த்துப் பின்னால் இரண்டடி போனது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து உருண்டது. உருண்ட பயத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு மறுபடி உருண்டது. அணைத்துப் பிடித்த பிறகுதான் அடங்கியது. கண் தெளிவாக இருந்தது. தீவனத்தை நீட்டினால் பார்த்துக் கொத்தவும் செய்தது. ஆனால் அலகு தீவனத்துக்கு நாலு விரல் தள்ளிக் காற்றைக் கொத்தியது. மூன்று தடவை அப்படிக் கொத்திவிட்டு நிறுத்திக்கொண்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த இடத்தில்தான்.

"அம்மா, தலை மாட்டிக்கிச்சா?" என்றாள் மகள்.

அப்புறம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஒரு கையில் கோழி, இன்னொரு கையில் போன். கழுத்து திரும்பிய கோழி என்று தேடினால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது ஒன்றுதான்: வைட்டமின் ஈ கொடு. அது தப்பான யோசனை இல்லை. ஆனால் அந்தக் கோழி நேற்றுவரை என்ன தின்றது, என்ன குடித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கழுத்து திரும்புவது நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அதுவும் ஒரு அறிகுறி. மூளையிலோ நரம்பிலோ கழுத்துத் தசையிலோ எங்கோ கோளாறு என்று மட்டும் அது சொல்கிறது. எங்கே, எதனால் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

கால்நடை மருத்துவரை அழைத்தேன். விவரம் சொல்லி முடிப்பதற்குள் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை கோழிக்கு இப்படி? என்ன வயது? கடந்த மூன்று வாரத்தில் என்ன மருந்து, என்ன தீவனம் கொடுத்தீர்கள்?

ஒன்றுக்குத்தான். ஒன்றரை வயது. மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இரண்டு கோழிகளுக்கு ரத்தக் கழிச்சல் வந்திருந்தது. அதற்கு ஆம்ப்ரோலியம் என்றொரு மருந்து உண்டு, குடிதண்ணீரில் கலந்து வைப்பது. தொடக்கத்தில் மூன்று முதல் ஐந்து நாள் முழு அளவு, அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் அளவைக் குறைத்துக் கொடுப்பதுதான் முறை. நான் குறைக்கவே இல்லை. போதாக்குறைக்கு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று கரண்டியில் கொஞ்சம் குவித்தே போட்டேன். ரத்தம் நின்றது. நின்ற பிறகும் விடவில்லை. இருபது நாள்.

ஆம்ப்ரோலியம் வேலை செய்கிற விதம் தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். வைட்டமின் பி1, அதாவது தயமின், எப்படி இருக்குமோ கிட்டத்தட்ட அதே உருவம் இந்த மருந்துக்கும். குடலில் இருக்கிற ரத்தக் கழிச்சல் கிருமி, தயமின் என்று நம்பி இதை வாங்கிக்கொண்டு, உண்மையான தயமின் கிடைக்காமல் பட்டினி கிடந்து சாகும். சரியான அளவில் கொடுத்தால் ஏமாறுவது கிருமி மட்டும்தான். அளவும் நாளும் மீறினால் கோழியும் சேர்ந்து ஏமாறும். செவலை அந்த வாரம் முழுக்கத் தீவனத்தைச் சரியாகத் தொடவில்லை. வெயிலுக்குத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போகிற தயமின் குறைவு, அதைத் தடுக்கிற மருந்து அதிகம். நானே கலக்கி வைத்தது.

பி1 இல்லாவிட்டால் நரம்பும் மூளையும் சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க முடியாது. கழுத்தின் முன்பக்கத் தசைகள் செயலிழந்து போக, பின்பக்கத் தசைகள் தலையை இழுத்துக்கொண்டு போய் முதுகில் வைத்துவிடும். செவலை வானத்தைப் பார்க்கவில்லை. தலையைக் கீழே இறக்க முடியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

வைட்டமின் என்கிற விஷயமே ஒரு வகையில் கோழியின் கழுத்திலிருந்தும் காலிலிருந்தும்தான் தொடங்கியது என்பதை அன்றைக்கு ராத்திரி படித்துத் தெரிந்துகொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாத் தீவின் படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கிறிஸ்டியான் எய்க்மேன் என்ற டச்சு மருத்துவர், மனிதர்களின் கால் நரம்புகளை முடக்கிப்போடுகிற பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழ ஆரம்பித்தன. சில மாதத்தில், வந்த மாதிரியே சரியாகவும் ஆயின. விசாரித்தால் விஷயம் சமையலறையில் இருந்தது. மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் தவிட்டோடு கூடிய அரிசிக்கு மாறின, எழுந்து நடந்தன. எய்க்மேன்கூட முதலில் வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றுதான் நினைத்தார். அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டோடு போன ஒன்றுதான் குறை என்பது பிறகுதான் தெளிந்தது. அந்த ஒன்றுதான் தயமின். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விதிமுறை பேசிய அந்தச் சமையல்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மருத்துவர் அன்றைக்கே செவலைக்குத் தயமின் ஊசி போட்டார். ஆம்ப்ரோலியம் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். இதில் ஒரு சிக்கலையும் சொன்னார்: ரத்தக் கழிச்சலுக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது கூடவே பி வைட்டமின் டானிக்கைக் கலந்து வைத்தால் மருந்து வீணாகும், கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி. மருந்து முடிந்த பிறகுதான் வைட்டமின். நான் அதையும் ஒருமுறை முன்பு செய்திருக்கிறேன், சொல்லவில்லை.

தயமின் குறைபாட்டின் நல்ல பக்கம், பதில் சீக்கிரம் தெரியும். சில மணி நேரத்திலேயே மாற்றம் தொடங்கும். காலை பதினொரு மணிக்கு ஊசி. சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்துக்குத் தலை முதுகிலிருந்து எழுந்து, நேராக வானத்தைப் பார்ப்பதற்குப் பதில் எதிர்ச் சுவரின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சாண் முன்னேற்றம். மகள் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள், அலகு காட்டிய இடத்தில். மறுநாள் அதற்குக் கீழே இன்னொரு கோடு. கோடுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

ஊசியைவிடப் பெரிய வேலை ஊசிக்குப் பிறகுதான். இந்த மாதிரிக் கோழிகள் பெரும்பாலும் நோயால் சாவதில்லை. தாகத்தாலும் பசியாலும் சாகின்றன. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும், குடிக்கத் தலை போகாது. இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே முகம் குப்புற விழுந்து மூழ்கும். ஆகவே நாம்தான் ஊட்ட வேண்டும். ஊட்டும்போதுதான் பலர் கொன்றுவிடுகிறார்கள். கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் அடிப்பக்கத்தில் திறந்து மூடுகிற ஒரு சின்னத் துளை தெரியும். மூச்சுக்குழலின் வாசல் அதுதான். அண்ணாந்த தலைக்குள் தண்ணீரை ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

நான் செய்தது இதுதான். கோழியை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். இடது உள்ளங்கையைத் தலைக்குப் பின்னால் கொடுத்து, அது எவ்வளவு தூரம் தானாக வருகிறதோ அவ்வளவு மட்டும் முன்னால் கொண்டுவருவேன். வலிந்து இழுத்தால் பதறி எதிர்ப்பக்கம் முறுக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சால் அலகின் ஓரத்தில், இரண்டு அலகும் சேர்கிற கோட்டில், ஒரே ஒரு சொட்டு. சொட்டு தானாக உள்ளே ஊறும், கோழி நாக்கை அசைத்து விழுங்கும். விழுங்கின பிறகு அடுத்த சொட்டு. ஐந்து மில்லி கொடுக்கக் கால் மணி நேரம் ஆகும். அவசரப்படுகிறவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது. என் கணவரிடமிருந்து இரண்டாம் நாளே சிரிஞ்சை வாங்கிக்கொண்டேன்.

தீவனத்தை நீரில் ஊறவைத்துக் கூழ் பதத்துக்கு வந்ததும் சின்ன உருண்டைகளாக உருட்டி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே அலகுக்கு நேரே காட்டினால் தானே கொத்தும். மூன்றாம் நாள் அப்படிக் கொத்தியது. அடுத்த வேளை ஊட்டுவதற்கு முன்னால் கழுத்தின் அடியில் இருக்கிற தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முந்தைய வேளையுடையது இறங்காமல் கெட்டியாகவே இருந்தால் மேலே மேலே கொடுக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் தீனிப்பை காலியாக இருந்தால் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

படுக்க ஒரு அட்டைப் பெட்டி. வெறும் பெட்டியில் விட்டால் உருண்டுகொண்டே இருக்கும். பழைய துண்டைச் சும்மாடு போலச் சுருட்டி, நடுவில் கோழியை உட்கார வைத்தேன். நாலு பக்கமும் அணை கிடைத்ததும் உருள்வது நின்றது. மங்கலான வெளிச்சம், சத்தமில்லாத இடம், ஆனால் மற்றக் கோழிகளின் குரல் காதில் விழுகிற தூரம். பயந்தால் கழுத்து இன்னும் முறுக்கிக்கொள்ளும். நாய் குரைக்கும்போதெல்லாம் செவலையின் அலகு ஒரு கோடு மேலே போய்விடும்.

இந்தப் பத்து நாளில் மருத்துவரிடம் கேட்டதும், அதற்குப் பிறகு என் கண்ணால் பார்த்ததுமாகச் சேர்ந்த சில விஷயங்களைச் சொல்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது, கழுத்து முறுக்கியிருக்கிறதா தொய்ந்திருக்கிறதா என்பது. இரண்டும் வேறு. தொய்ந்த கழுத்து என்றால் தலை தரையில் ஈரத்துணி மாதிரி கிடக்கும், இமையைத் தூக்கக்கூட வலு இருக்காது, இறக்கை தொங்கும். கழுத்து இறகை லேசாக இழுத்தாலே கையோடு வரும். இது பெரும்பாலும் பாட்டுலிசம், அழுகுகிற பொருளில் வளர்கிற ஒரு பாக்டீரியாவின் நஞ்சால் வருவது. வேலியோரம் எலியோ பறவையோ செத்து அழுகி, அதில் நெளிகிற புழுவைக் கோழி தின்றிருக்கும். புழுவை அந்த நஞ்சு ஒன்றும் செய்யாது, தின்ற கோழியைத்தான் சாய்க்கும். கோழிகளைத் தாக்குவது பெரும்பாலும் அதன் சி வகை. இதற்கு வைட்டமின் எதுவும் உதவாது. இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் தேறிவிட நல்ல வாய்ப்பு உண்டு. அந்த இரண்டு நாளும் தண்ணீர் காட்டிக் காப்பாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், அந்தச் செத்த ஜந்துவைத் தேடி எடுத்துப் புதைப்பது. இல்லாவிட்டால் அடுத்த கோழி அங்கே போகும்.

ஒரு கோழிக்கு வந்தால் தீவனம், நஞ்சு, அடி என்று யோசிக்கலாம். ஒரே நேரத்தில் பலதுக்கு வந்தால் யோசிப்பதை நிறுத்திவிட்டுப் போனை எடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பச்சையாகக் கழிவது, முட்டை ஓடு மெலிவது, அதோடு தலை நடுக்கமும் கழுத்து முறுக்கலும் என்றால் வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்கிற ராணிக்கெட் நோயாக இருக்கலாம். வெளியுலகில் அதற்கு நியூகாசில் நோய் என்று பெயர். பறவைக் காய்ச்சலும் இதே முகமூடியில் வரும். இரண்டும் அரசுக் கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடக் கூடாது. ராணிக்கெட்டில் பிழைத்த கோழிகளுக்குக் கழுத்து முறுக்கல் வாழ்நாள் முழுக்க நிற்கலாம். தடுப்பூசி இருக்கிற நோய் இது, அதைப் போடாமல் விட்டுவிட்டு அப்புறம் வைட்டமின் தேடுவதில் அர்த்தமில்லை.

குஞ்சுகளின் கதை தனி. பிறந்து மூன்று வாரத்துக்குள் இருக்கிற குஞ்சை உள்ளங்கையில் மூடிப் பிடித்தால் போன் அதிர்கிற மாதிரி ஒரு நடுக்கம் தெரிந்தால், அது பெரும்பாலும் மூளை-தண்டுவட அழற்சி தருகிற வைரஸ். கால் விரல்கள் உள்பக்கமாக முஷ்டி மாதிரி மடங்கிக் கணுக்காலால் நடந்தால் பி2 குறைவு. சீக்கிரம் கொடுத்தால் விரல் விரியும், தாமதித்தால் நரம்பு கெட்டு அப்படியே நின்றுவிடும். இரண்டு முதல் நாலு வாரக் குஞ்சு மல்லாந்து விழுந்து காலை உதைத்துக்கொண்டிருந்தால்தான் எல்லோரும் சொல்கிற அந்த வைட்டமின் ஈ குறைவு. தீவனத்தில் இருக்கிற எண்ணெய் சிக்குப் பிடித்தால் முதலில் அழிவது வைட்டமின் ஈ-தான். மூட்டையை முகர்ந்து பாருங்கள், மூக்குக்குத் தெரியும். கூடவே செலினியமும் கொடுக்கச் சொல்வார்கள். அது மிகக் கொஞ்சமாகத் தேவை, கொஞ்சம் கூடினால் நஞ்சு. அளவை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆம்ப்ரோலியத்தைக் குவித்துப் போட்டவள் சொல்கிறேன்.

பெரிய கொண்டை இறகு வைத்த போலிஷ் இனத்துக் கோழிகளுக்கு மண்டையோடு உச்சியில் முழுமையாக மூடியிருக்காது. இன்னொரு கோழி தலையில் ஒரு கொத்து கொத்தினாலே மூளை வீங்கிக் கழுத்து திரும்பும். தலை ஒரே பக்கமாகச் சாய்ந்தால் காதையும் பாருங்கள். பழைய பெயின்ட் உரிகிற சுவரைக் கோழி கொத்துகிறதா என்றும் பாருங்கள். அதில் ஈயம் இருக்கலாம், ஈயம் முட்டைக்கும் வந்துவிடும்.

இன்னொன்று. வெயிலில் ஒரு இறக்கையையும் ஒரு காலையும் விரித்து, கண்ணை மூடி, செத்த மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தால் அது பக்கவாதம் இல்லை. வெயில் காய்கிறது. முதல் வருடம் அப்படிக் கிடந்த ஒன்றைத் துண்டில் சுற்றி அள்ளிக்கொண்டு நான் ஓடியிருக்கிறேன். பாதி வழியில் அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

செவலை தேறிய அடுத்த மாதம் புள்ளிக்கு வந்தது. நாலு மாத விடைக்கோழி. வலது கால் முன்னால் நீட்டி, இடது கால் பின்னால் போய், ஓட்டப்பந்தயத்தில் தடை தாண்டுகிறவர் மாதிரி தரையில் கிடந்தது. பரணிலிருந்து குதித்துக் கால் பிசகியிருக்கும் என்று இரண்டு நாள் விட்டேன். செவலை அனுபவத்தில் பி வைட்டமினும் கொடுத்தேன். விரல் நுனியைக் கிள்ளினால் ஒரு கால் சட்டென்று இழுத்துக்கொண்டது, மற்றது சும்மா இருந்தது. நன்றாகத் தின்றது, கண்ணில் உயிர் இருந்தது, மார்பெலும்பு மட்டும் நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டு வந்தது.

மருத்துவர் பார்த்ததுமே மேரக்ஸ் நோய் என்றார். 1907-இல் யோசெப் மேரக் என்ற ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் கால் விழுந்த நாலு சேவல்களை வைத்து முதலில் எழுதிய நோய். ஹெர்பிஸ் வகை வைரஸ். கோழியின் தோல் பொடியிலும் இறகுத் தூசியிலும் கலந்து மாதக்கணக்கில் கூட்டில் உயிரோடு இருக்கும். குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே தடுப்பூசி போட வேண்டும். அதுகூடக் கட்டியும் வாதமும் வராமல் தடுக்குமே தவிர வைரஸ் உள்ளே வருவதைத் தடுக்காது. வந்த பிறகு மருந்து கிடையாது. மனிதருக்கு ஒட்டாது, அது ஒன்றுதான் ஆறுதல்.

ஒன்பதாவது நாள் புள்ளியைத் தூங்க வைத்துவிட ஒப்புக்கொண்டேன். பிறகு உடலை அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார், சரி என்றேன். தொடைத் தசையை விலக்கி இரண்டு பக்கத்து நரம்பையும் காட்டினார். நல்ல காலுடையது வெள்ளை நூல் மாதிரி, குறுக்கே நுணுக்கமான வரிகளோடு மினுங்கியது. மற்றது அதைப்போல இரண்டு மடங்கு தடிப்பு, மங்கிய மஞ்சள், வரிகளே இல்லை. ஈரத்தில் ஊறின சணல் கயிறு மாதிரி இருந்தது. அந்தக் கயிற்றுக்கு நான் இரண்டு நாள் தைலம் தேய்த்திருக்கிறேன்.

செவலை பத்தாம் நாளே கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு நாள் கம்பிக் கூண்டில் வைத்து மற்றதுகளுக்கு நடுவே விட்டோம், இல்லாவிட்டால் புதிதாக வந்தது என்று நினைத்து மற்றதுகள் அதைக் கொத்தும். இப்போது முட்டை இடுகிறது, மற்றதை மிதித்துக்கொண்டு ஓடுகிறது. கோழிகள் தண்ணீர் குடிக்கும்போது ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி அண்ணாந்து விழுங்கும், தெரியும்தானே. செவலை அப்படித் தூக்கும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு நிற்கிறேன், அது கீழே இறங்குகிற வரைக்கும்.